பட்டியலில் கடைசி வீடு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வண்டி கிளம்பும் என்று போன வாரமே அறிவிப்பில் வாசித்தாகிவிட்டது. சொன்னபடி மூன்று மணிக்குக் கிர்க்கி தமிழ்ச் சபையின் வாசலுக்கு வந்து நின்றது ஜோஸ்பின் டீச்சர் ஒருத்திதான். வண்டிக்காரர் முகமது ரஃபீக் அவளைப் பார்த்தார், காலியான வாசலைப் பார்த்தார், டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

டிசம்பர் பிறந்தால் புனேக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வெயில் சுடாது, மழைக்குப் பயமில்லை, காலையும் மாலையும் ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும். முதல் ஞாயிறு தெருவை அடைத்து ஓட்டப்பந்தயம். அதற்கடுத்து பாட்டுக் கச்சேரிகள். ஜனங்கள் பாயும் ஃபிளாஸ்க்கில் டீயுமாகக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள். கேம்ப் வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் கடைகள். ஊருக்கு வெளியே தோட்டங்களில் ஹுர்டா விருந்து. பால் பிடித்த சோளக்கதிரை வரட்டித் தணலில் சுட்டு, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, எள்ளுச் சட்னியோடு சுடச்சுடத் தின்பதற்கு மைல் கணக்கில் வண்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். போகாதவர்கள் சிங்ஹகட் கோட்டைக்கு மலை ஏறுவார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் சபையின் கேரல் ரவுண்ட்ஸும் வந்தாக வேண்டும். பதினெட்டுப் பேர் ஒரு வண்டியில் ஏறி வீடு வீடாகப் போய், கிறிஸ்து பிறப்பின் பாட்டு மூன்று பாடி, அந்த வீட்டாருக்காக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வருவது. எழுதிப் பார்த்தால் சின்ன வேலை.

பாடகர்களில் நாலு பேர் ஹுர்டாவுக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேர் கச்சேரியில். அவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட வேண்டிய ஜோபின் விடியற்காலையில் சிங்ஹகட் ஏறப் போனவன், சகதி ஷூவோடு மூன்றரைக்கு வந்து இறங்கினான். தாத்தாவின் முகமூடி போன வருஷம் வேஷம் போட்டவர் வீட்டில் இருந்தது. அதை வாங்கிவரப் போன வால்டர் அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

வால்டர் ஜோஸ்பினின் கணவர். வெடிமருந்துத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருஷமாகக் கேரல் ரவுண்ட்ஸுக்கு அவர்தான் தலைமை. அக்கார்டியன் வாசிப்பார், நன்றாகப் பாடுவார், அதைவிட நன்றாக ஜெபம் பண்ணுவார். அவரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது.

வண்டி நகர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. ஜோஸ்பின் முன்சீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தாள். ஜோபின் ஹிஞ்ஜேவாடியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவன். பட்டியலைக் கலர் கலராகக் கட்டம் போட்டு அடித்திருந்தான். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். நாற்பது நிமிஷ ஓட்டத்தில் இருக்கும் வாகட்டில் ஆறு ஃபிளாட், எல்லாம் கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் நாகர்கோவிலிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த புதுக் குடும்பங்கள். கடைசிக் கட்டத்தில் ஏழாவதாக, மரியம்மாள், கிர்க்கி பஜார் பின்புறம், ஆறரை மணி.

அந்த ஏழாவது கட்டத்துக்காகத்தான் ஜோஸ்பின் மூன்று மணிக்கே வந்து நின்றாள்.

மரியம்மாள் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. ராத்திரி டூட்டி. சாயங்காலம் ஏழே காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவள் வீடு சபையிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அதனாலேயே அது எப்போதும் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "பக்கத்து வீடுதானே ஜோஸ், திரும்பி வாற வழியில ஒரு எட்டு பாத்துருவோம்" என்பார் வால்டர். போனதுக்கு முந்தின வருஷம் லோஹேகாவில் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினார்கள். போன வருஷம் ஹடப்சரிலிருந்து எட்டரைக்கு. இரண்டு தடவையும் மரியம்மாளின் கதவில் பூட்டுத் தொங்கியது. ஐயோ, டூட்டிக்குப் போய்விட்டாளே என்று வருத்தப்பட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

பூட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது ஜோஸ்பினுக்கு இந்த நவம்பரில்தான் தெரிந்தது. ஆராதனை முடிந்து கை கொடுத்துக்கொண்டிருந்தபோது மரியம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள். இரண்டு வருஷமும் பிள்ளையார் விழா நடத்துகிற கணபதி மண்டல் பையன்களிடம் இருபது நாற்காலி கேட்டு வாங்கிச் சந்தில் வரிசையாகப் போட்டிருந்தாளாம். முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்திருந்தாளாம். ஏழே கால் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, பலகாரத்தைச் சந்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாளாம். "பாட்டை வார்டுல நானே மெதுவா பாடிக்கிட்டேன் டீச்சர்" என்று சிரித்தாள். குறை சொல்கிற குரலே இல்லை.

குறை சொல்லியிருந்தால் ஜோஸ்பின் தாங்கியிருப்பாள். இருபத்தேழு வருஷமாக வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறவள். பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இரண்டு வருஷம் ஆப்சென்ட் போட்டுவிட்டதுபோல மனசு உறுத்தியது. அங்கேயே மரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் ஆறரைக்கு உங்கள் வீட்டில் இருப்போம், இது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கமிட்டியில் அந்த வீட்டை மேலே தூக்கிப் போடச் சொல்லியும் பார்த்தாள். வண்டி வாகட் போய்த் திரும்புவதுதான் லாபம், அதுதான் ஆறரை என்று போட்டாயிற்றே என்று வால்டரும் ஜோபினும் சொன்னார்கள்.

முதல் ஃபிளாட்டில் நாலரைக்கு நுழைந்தார்கள். பாட்டு ஆறு நிமிஷத்தில் முடிந்தது. வீட்டுக்காரர் வீடியோ எடுத்தார். எடுத்துப் போட்டுப் பார்த்தால் பொத்தானை அழுத்தவில்லை. அதனால் மூன்று பாட்டும் முதலிலிருந்து மறுபடி. பிறகு பிளம் கேக், சமோசா, முறுக்கு, டீ. சாப்பிடாமல் போனால் பேசவே மாட்டேன் என்று வீட்டுக்காரி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். ஜோஸ்பின் வாசலுக்கு வெளியே போய் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு தட்டு அவளைத் தேடி வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள். வால்டர் வந்து காதோடு சொன்னார், "ஒரு வாய் எடுத்துக்கோ ஜோஸ், அவங்க மனசு கஷ்டப்படும்." யார் மனசு கஷ்டப்படும் என்பதற்கு அவள் பட்டியலை உயர்த்திக் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய் இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஃபிளாட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்தால்தான் பாட்டு என்றார்கள். எழுந்தது, தாத்தா முகமூடியைப் பார்த்து வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்திவிட்டுப் பாடினால், நாகர்கோவிலில் இருக்கிற பாட்டனார் கேட்க வேண்டும் என்று போனை நடுவில் வைத்தார்கள். பாதிப் பாட்டில் லைன் அறுந்தது. மறுபடி போட்டு, மறுபடி பாடி, அவர் அங்கிருந்து ஒரு ஜெபம் பண்ண, இங்கே எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். ஜோஸ்பினும் குனிந்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை. கடிகாரம் ஐந்தரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அடுத்தது 402" என்று ஜோபின் முகமூடிக்குள்ளிருந்து சொன்னான். லிஃப்டில் நாலு பேர்தான் ஏறலாம். ஐந்து தவணையாக மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

வால்டருக்கு ஒரு கொள்கை உண்டு. மணி அடித்துவிட்டுக் கதவு திறக்கக் காத்திருக்கக் கூடாது. மேய்ப்பர்களுக்குத் தூதர்கள் முன்னறிவிப்பா கொடுத்தார்கள் என்பார். முதல் பாட்டை வெளியே நின்றே ஆரம்பித்துவிட வேண்டும், வீட்டார் பாட்டைக் கேட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். 402 வாசலில் பெரிய காகித நட்சத்திரம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தரையில் செக்கச்செவேல் என்று காவியிட்டுப் போட்டிருந்த கோலத்தை யாரும் பார்க்கவில்லை. அக்கார்டியன் எழும்பியது, குரல்களும் எழும்பின.

கதவைத் திறந்தது அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள். மூக்கின் இரண்டு பக்கமும் வைரம். நெற்றியில் குங்குமம். பாட்டு முடிகிற வரை கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். முடிந்ததும், "தமிழ்! உள்ள வாங்கோ, எல்லாரும் உள்ள வாங்கோ" என்றாள்.

அவள் பெயர் பட்டு. சென்னையிலிருந்து மகள் மீனுவின் வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது என்று அவர்கள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். மகள் எக்ஸிபிஷனுக்குப் போயிருக்கிறாள். மாப்பிள்ளை உள்ளே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். கீழே இறங்கினால் எல்லாம் ஹிந்தி, மராட்டி. நாற்பது நாளில் வாசலில் வந்து தமிழ் பேசினவர்கள் யாருமில்லை, மார்கழி பிறந்த மறுநாளே பாட்டோடு வந்துவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

சுவரில் பெரிய திருப்பதிப் பெருமாள் படம் இருந்தது. ஜோஸ்பின் அதைப் பார்த்தாள். வால்டரும் பார்த்தார். ஜோபின் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டியலைப் பார்த்தான். பட்டியலில் இருந்தது சி விங். அவர்கள் நின்றது பி விங். வாசலில் தொங்கிய நட்சத்திரம் தீபாவளிக்கு இந்த ஊர்க்காரர்கள் கட்டுகிற ஆகாச விளக்கு. அவிழ்க்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்தார்கள்.

ஜோஸ்பின் கணவருக்குக் கண்ணைக் காட்டினாள். எழுந்திருங்கள் என்று அர்த்தம். வால்டர் அவளை ஒரு கணம் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் பாட்டைத் தொடங்கினார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்றாம் பாட்டும் ஆயிற்று. சமையலறையிலிருந்து குக்கர் சத்தம் வந்தது. சுண்டல் இதோ ஆயிடும், அதுக்குள்ள இன்னொண்ணு பாடுங்கோ என்று குரல் வந்தது. அரை டவுசரும் கழுத்தில் ஹெட்போனுமாக மாப்பிள்ளை சந்துரு அறையிலிருந்து வெளியே வந்தவன், கூடம் நிறைய ஆட்களையும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மணி ஆறு.

பட்டு தட்டோடு வெளியே வந்தாள். ஜோஸ்பின் எழுந்து நின்றாள்.

"அம்மா, நாங்க தப்பான வீட்டுக்கு வந்துட்டோம். நாங்க தேடி வந்தது வேற வீடு. நேரமாச்சு, நாங்க போகணும்."

வகுப்பில் பேசுகிற குரலில் வந்துவிட்டது. தட்டு அந்தரத்தில் நின்றது. "அப்படியா" என்றாள் பட்டு. "தமிழ்க்காரா இருக்கான்னு யாரோ சொல்லி, எங்காத்துக்குன்னு வந்தேளாக்கும்னு நெனச்சுண்டேன்." தட்டை மேஜையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் எதுவும் இல்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜோஸ்பினுக்கு முகம் சூடாகிவிட்டது. ஒருத்தியைக் காக்க வைக்கக் கூடாது என்ற அவசரத்தில் இன்னொருத்தியை அவள் வீட்டுக் கூடத்திலேயே வைத்து அவமானப்படுத்தியாகிவிட்டது. ஆண்டவர் கணக்கில் மரியம்மாள் ஒரு பக்கம், இந்த அம்மாள் வேறு பக்கம் என்றா இருக்கும்? நன்மை செய்யப் போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனால் அது என்ன நன்மை?

அன்று முதல்முறையாக அவள் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுக்கோங்க அம்மா" என்று ஆரம்பித்து, மரியம்மாளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலிகளை, அதிரசத்தை, இரண்டு வருஷப் பூட்டை, தன் வாக்கை. சுண்டல் நன்றாக இருந்தது. அதையும் சொன்னாள்.

பட்டு குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஏழே கால்."

"சந்துரு, சட்டையைப் போட்டுண்டு வா. காரை எடு."

ஏழரைக்கு அமெரிக்காவோடு ஒரு மீட்டிங் இருக்கிறது என்றும், ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் வைத்திருக்கிறார்கள், முக்கியம் என்றும் சந்துரு மெல்ல இழுத்தான். "அமெரிக்கா அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிப்போகாது. நீ போயிட்டு வா" என்றாள் மாமியார்.

பதினெட்டுப் பேரும் போக முடியாது. நிஜமான 402-ல் காத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் இன்னும் மூன்று வீடு. அவர்களும் டீ போட்டு வைத்திருப்பார்கள். வால்டர் மனைவியின் தோளைத் தொட்டு, "நீ முன்னால போ ஜோஸ். நாலு வீட்டையும் சட்டுனு முடிச்சிட்டுப் பின்னாலயே வந்துருதோம்" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவருடைய சட்டென்று என்பது எத்தனை மணி நேரம் என்று அவளுக்குத் தெரியும். லிஃப்டை நோக்கி நடந்தாள்.

சந்துருவுக்கு வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் தவிர வழி தெரியாது. சைக்கிள்காரன் ஒவ்வொருவனுக்கும் நின்று வழிவிட்டான். ஔந்த் தாண்டும்போது கல்யாண ஊர்வலம் ஒன்று பேண்டு வாத்தியத்தோடு ரோட்டை முழுக்க எடுத்துக்கொண்டு ஆடியது. கல்யாண மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரை நகரவே இல்லை. அதைக் கடந்து போனால் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆறு நாற்பது. ஆண்டவரே, இந்த ரயிலை அனுப்பினது நீர், அதைக் கொஞ்சம் வேகமாக அனுப்பக் கூடாதா என்று ஜோஸ்பின் மனசுக்குள் கேட்டாள். இந்தப் பக்கம் ஒன்று போய், அந்தப் பக்கம் ஒன்று வந்தது.

"நீங்க நல்லா பாடுவீங்களா ஆன்ட்டி?" என்று சந்துரு பேச்சுக் கொடுத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவள் பாடுகிறவள் இல்லை. கல்யாணமான புதிதில் சபையில் ஒரு தடவை வாய்விட்டுப் பாடினாள். வால்டர் திரும்பிப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அன்றிலிருந்து அவள் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள், மற்றவர்கள் பாடுகிறார்கள். கேரலுக்கு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவள், பாட்டு இல்லாமல், பாடகர் இல்லாமல், பெருமாளைக் கும்பிடுகிற குடும்பத்து மாப்பிள்ளை ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

பஜாருக்குப் பின்னால் கார் போகாது. இறங்கி நடந்தார்கள். ஆறு ஐம்பத்தைந்து. சந்தில் ட்யூப்லைட் ஒன்று கட்டியிருந்தது. அதன் கீழே இரண்டு வரிசையாகப் பச்சை நாற்காலிகள், ஒன்றிலும் ஆள் இல்லை. மரியம்மாள் ஆயா சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜோஸ்பினைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு அவள் கண் ஜோஸ்பினைத் தாண்டிச் சந்தின் முனைக்குப் போனது.

"மத்தவங்க வராங்களா டீச்சர்?"

வருகிறார்கள் என்று வாய் வரை வந்தது. ஏழே காலுக்குள் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அதைச் சொல்வது மூன்றாம் வருஷமும் அதே காரியத்தைச் செய்வதுதான்.

"வரல மரியம்மா. நாங்க ரெண்டு பேருதான்."

மரியம்மாள் இருபது நாற்காலியையும் ஒருமுறை பார்த்தாள். சரி என்பதுபோல் தலையசைத்தாள். அப்புறம் சந்துருவைப் பார்த்து மரியாதையாக, "தம்பி, நீங்க புது ஊழியருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. நான் காரை ஓட்டிட்டு வந்தேன்."

சந்துரு எங்கே நிற்பது என்று தெரியாமல் முதல் வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்தான். ஜோஸ்பின் அவனுக்கு எதிரே நின்றாள். பத்தொன்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வது எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜமீலா, இடுப்பில் பேத்தியோடு வெளியே வந்தாள். நிலவரத்தை ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள்.

"ரெண்டு வருஷமா உங்க பங்கு அதிரசத்தைத் தின்னது நாங்கதான் டீச்சரம்மா" என்றாள். "நாற்காலி காலியா இருந்தா பாட்டு எப்பிடி வரும்? இருங்க." சந்தை நோக்கித் திரும்பி ஹிந்தியில் ஒரு சத்தம் போட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு வந்தார். நாற்காலி கொடுத்த மண்டல் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். வடாபாவ் வண்டிக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் மடியில் ஏறின. நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

ஜோஸ்பின் பாட ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பே உயரம். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டுக் கீழே இறக்கி மறுபடி ஆரம்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் அடியில் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்து சேர்ந்தது. மரியம்மாள் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே, சுவரைப் பார்த்தபடி பாடினாள். இரண்டு கிறிஸ்துமஸ் வார்டில் நோயாளிகள் எழுந்துவிடாமல் மெதுவாகப் பாடிய பாட்டு. ஒரு வார்த்தை தப்பவில்லை. ஜோஸ்பின் தன் குரலை அந்தக் குரலின் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். சந்துரு தாளத்துக்கு அப்பாற்பட்டுக் கை தட்டினான். ஒரு பாட்டு முழுதாகவும் ஒரு பாட்டு பாதியும் ஆயிற்று.

ஜெபம் பாக்கி. வால்டர் என்றால் எட்டு நிமிஷம் பண்ணுவார். ஜோஸ்பின் கண்ணை மூடினாள். மரியம்மாள் பெயரைச் சொன்னாள். அவள் இன்று ராத்திரி பார்க்கப் போகிற நோயாளிகளைச் சொன்னாள். இந்தச் சந்தின் ஜனங்களைச் சொன்னாள். இரண்டு வருஷம் வராமல் போனோம், எங்களை மன்னியும் என்றாள். ஆமென் என்று முதலில் சொன்னவள் ஜமீலா.

பலகாரத் தட்டு சுற்றி வந்தது. ஜோஸ்பின் இரண்டு அதிரசம் தின்றாள். ஏழு பத்து ஆகியிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு ஓட வேண்டும் என்று மரியம்மாள் பரபரத்தாள். நான் ஆஸ்பத்திரியில் விட்டுவிடுகிறேன், அமெரிக்காக்காரர்கள் காத்திருக்கட்டும் என்று சந்துரு சொன்னான். மூன்று பேரும் காருக்கு நடந்தார்கள்.

ஜோஸ்பினுக்கு மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசுக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்சீட்டில் மரியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் பட்டியல்ல முதல் வீடு உங்க வீடுதான். யார் என்ன சொன்னாலும் சரி, மூணு மணிக்கு இங்க வந்துட்டுத்தான் மத்த இடம்" என்றாள்.

மரியம்மாள் சங்கடமாகப் பார்த்தாள்.

"மூணு மணிக்கா டீச்சர்? மூணு மணிக்கு நான் தூங்கிட்டில்ல இருப்பேன். காலைல வந்து சமைச்சு வச்சுட்டுப் படுக்கவே பன்னெண்டு ஆயிடுது."

 முதல் வீடா, கடைசி வீடா, வழியில் வருகிற வீடா என்று மூன்று வருஷமாக அத்தனை பேரும் கமிட்டி கூடிப் பேசியிருக்கிறார்கள். ஜோஸ்பினும்தான் பேசினாள். அந்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்று பகல் முழுக்கத் தான் யார் யார் மேலோ எரிச்சல்பட்டுக்கொண்டு திரிந்ததை நினைத்தாள். அந்த எரிச்சலில் கொஞ்சம் தனக்கும் எடுத்து வைத்திருக்கலாம்.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்குச் சௌகரியம்?"

மரியம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு கேள்விக்குப் பழக்கமில்லாதவள்போல ஜன்னல் வழியே கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தாள். "அஞ்சு மணின்னா எழுந்திருப்பேன்" என்றாள். "குளிக்கணும்... அஞ்சரைன்னு போட்டுக்கோங்க டீச்சர். அஞ்சரைன்னா நிதானமா உக்காந்து கேக்கலாம்."

ஜோஸ்பின் எழுதிக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. வால்டர். பின்னணியில் பீங்கான் சத்தமும் யாரோ இன்னும் ஒன்று எடுத்துக்கோங்க என்று வற்புறுத்துகிற சத்தமும் கேட்டது. ஜோஸ், இங்கே இன்னும் இரண்டு வீடு இருக்கிறது, மரியம்மாவிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லு, இதோ கிளம்பிவிட்டோம் என்றார்.

ஜோஸ்பின் பேனாவை மூடினாள். போனை மரியம்மாளின் கையில் கொடுத்தாள்.

மரியம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள். "ஐயா, ஸ்தோத்திரம். நான் மரியம்மா பேசறேங்க" என்றாள். "இல்லீங்க, நான் டூட்டிக்குப் போயிட்டு இருக்கேன். பாட்டெல்லாம் ஆயிடுச்சுங்க. நீங்க நிதானமா சாப்பிட்டு வாங்க."